தாளின் பின்பக்கம்

சிவகாசியில் ஆடிப் பதினெட்டு என்றால் அடுத்த ஆண்டுக் காலண்டரின் மாதிரி ஆல்பம் வெளிவரும் நாள். பூஜை போட்டு, ஆல்பத்தை ஏஜெண்டுகள் கையில் கொடுத்துவிட்டால் அப்புறம் மார்கழி வரை அச்சகங்களுக்குத் தூக்கம் கிடையாது. 1986இல், அந்த ஆடிக்குச் சில வாரங்கள் முன்பு, ஓர் அச்சகத்தின் மாடி அறையில் அவர் மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்தார். வயது 35. பரமக்குடிக்கு எதிரே, வைகையின் மறுகரையில் இருக்கும் எமனேஸ்வரத்தில் நெசவாளர் வீட்டுப் பெண். புலவர் பட்டம் படித்தவர். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்திருந்தார்.

வேலை எளிதாகத்தான் தோன்றியது. தினமும் கிழிக்கும் காலண்டரில் நடுவே பெரிய எழுத்தில் இங்கிலீஷ் தேதி; அதைச் சுற்றித் தமிழ் வருஷம், மாதம், தேதி, ஹிஜிரி தேதி, நட்சத்திரம், திதி, நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம். கணக்கெல்லாம் பஞ்சாங்கம் பார்க்கும் பெரியவர் ஒருவர் போட்டுக் கொடுத்துவிடுவார். அடியில் இரண்டு வரி மிச்சம் இருக்கும். 'இன்று' என்று தலைப்புப் போட்டு, அந்த நாளில் பிறந்தவரோ மறைந்தவரோ நடந்ததோ ஏதாவது ஒன்றை எழுத வேண்டும். இரண்டு வரி என்றால் பத்துப் பன்னிரண்டு சொல். அதைத்தான் அவரிடம் கொடுத்தார்கள்.

அது 1987ஆம் ஆண்டுக் காலண்டர். சித்திரையில் பிரபவ வருஷம் பிறந்து, அறுபதாண்டுச் சுற்று மறுபடி முதலிலிருந்து தொடங்கவிருந்தது. அதனால் எல்லாரும் கூடுதல் கவனத்தோடு இருந்தார்கள். ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை அவர் மளமளவென்று எழுதித் தள்ளினார். செப்டம்பர் 11 வந்தபோது பென்சில் நின்றது.

அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்த நாள். 1957இல் அவருக்கு ஆறு வயது. வீட்டில் குழித்தறி ஓடும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகும் அப்பா மிதி மிதிப்பார். அந்தச் சத்தத்தில்தான் பிள்ளைகள் தூங்குவார்கள். ஒரு புதன்கிழமை இரவுக்குப் பிறகு சத்தம் நின்றுபோனது. அப்பா தறிக்குழிக்குள் இறங்கவே இல்லை. அம்மா சிம்னியைச் சின்னதாக்கி, கதவுக்குக் குறுக்கே மரக்கட்டையைப் போட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவரை வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்று பெரியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். வெட்டுப்பட்டவர் பெயர் இம்மானுவேல் சேகரன் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, ஒடுக்கப்பட்ட மக்களைத் திரட்டியவர். முதுகுளத்தூரில் அதிகாரிகள் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் கலந்துகொண்ட மறுநாள், 1957 செப்டம்பர் 11 இரவு, பரமக்குடியில் கொல்லப்பட்டார். வயது 32. அடுத்து வந்த நாட்களில் ராமநாதபுரம் மாவட்டமே பற்றி எரிந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதில் மிஞ்சியது தறி ஓடாத ராத்திரிகள்தான்.

ஆகவே பென்சிலை எடுத்து அந்தப் பெயரை எழுதினார். மெய்ப்பு கீழே போய், அந்தத் தாள் மட்டும் திரும்பி வந்தது. அச்சக முதலாளி நல்ல மனுஷர். சத்தம் போடாமல் சொன்னார்: "தாயி, இந்தக் காலண்டர் எல்லாத் தெருவுலயும் தொங்கணும். ஒரு தெருவுல தொங்கி இன்னொரு தெருவுல கிழிபட்டா நமக்கு ஏவாரம் இல்ல. பாரதியார் இருக்காருல்ல, அவரைப் போடுங்க."

பாரதியாரைப் போட்டார். அது தவறான தேர்வு என்று அவர் அன்றும் நினைக்கவில்லை, பின்னாளிலும் நினைத்ததில்லை. ஆனால் மெய்ப்பை எடுத்துக் கீழே எறியாமல், திருப்பி, பின்பக்கத்து வெற்றுத்தாளில் முதலில் எழுதிய வரியைப் பென்சிலால் மறுபடி எழுதி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 11ஆம் தேதித் தாள் ஒன்று அவர் வீட்டுத் தகரப்பெட்டிக்குப் போனது. முன்பக்கம் அச்சான இரண்டு வரி. பின்பக்கம் அச்சில் ஏற முடியாதவை.

பாரதியார் வரியும் லேசில் விடவில்லை. பஞ்சாங்கப் பெரியவர் மாடிக்கு ஏறி வந்து கேட்டார்: "ஏம்மா, பாரதியார் எத்தனை மணிக்குப் போனார், தெரியுமா?"

"ராத்திரி ஒன்றரை மணி வாக்குலன்னு படிச்சிருக்கேன் ஐயா."

"அப்போ இங்கிலீஷ் கணக்குக்கு அது 12 ஆயிடுத்தே."

திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீட்டில், 1921இல், 38 வயதில் பாரதி இறந்தது நள்ளிரவு தாண்டி. ஊரெல்லாம் செப்டம்பர் 11 என்று அனுசரிக்க, 12தான் சரி என்று எழுதியவர்களும் உண்டு. அவர் பதறிப்போய்த் திருத்தக் கையை நீட்டியபோது பெரியவர் தடுத்தார். "இருக்கட்டும். நமக்கு நாள் பிறக்கிறது பன்னிரண்டு மணிக்கு இல்லையே. சூரிய உதயம் வரைக்கும் முந்தின நாள்தான். துன்மதி வருஷத்து ஆவணியில அந்த ராத்திரி இன்னும் முடியலை. நீ 11னு போட்டா நம்ம கணக்குக்குச் சரிதான்."

வாழ்நாளில் கேட்ட பாடங்களிலேயே பெரியது அது என்பார் அவர். தேதி என்பது கல்லில் வெட்டியதுபோல் ஒன்று என்று நினைத்திருந்தவருக்கு, யார் எந்த நேரத்தில் நாளைத் தொடங்குகிறார்கள் என்பதைப் பொறுத்து அது நகரும் என்று புரிந்தது. 2021இல், நூறாண்டு நிறைந்தபோது தமிழ்நாடு அரசு செப்டம்பர் 11ஐ 'மகாகவி நாள்' என்று அறிவித்தது. அப்போது பெரியவர் இல்லை. இருந்திருந்தால் ஒரு முறை தலையாட்டியிருப்பார்.

அந்த உரையாடலுக்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் உட்கார்ந்து நாட்காட்டிகளின் கதையைத் தேடிப் படித்தார். அப்படித்தான் 1752 அகப்பட்டது. பழைய ஜூலியன் கணக்கை விட்டு கிரிகோரியன் கணக்குக்கு மாற பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பழைய கணக்கு சூரியனோடு ஒத்துப்போகாமல் 11 நாள் பின்தங்கிவிட்டிருந்தது. அதைச் சரிக்கட்ட, 1752 செப்டம்பர் 2ஆம் தேதி புதன்கிழமைக்கு மறுநாள் செப்டம்பர் 14, வியாழக்கிழமை. நடுவில் இருந்த தேதிகள் பிறக்கவே இல்லை. செப்டம்பர் 11 உட்பட. அந்தச் சட்டம் ஆசியாவில் பிரிட்டிஷ் மகுடத்துக்கு உட்பட்ட இடங்களையும் சேர்த்தே பேசியது.

பிரெஞ்சுக்காரர்களோ வெகுகாலம் முன்பே, 1582இலேயே மாறிவிட்டிருந்தார்கள். ஆகவே புதுச்சேரியில் 1752 செப்டம்பர் 11 வழக்கம்போல் விடிந்தது. அங்கே துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை, தமிழ் வருஷமும் மாதமும் தேதியும் குறித்து, இங்கிலீஷ் மாதத் தேதியையும் சேர்த்து, தம் நாட்குறிப்பை எழுதிவந்த காலம் அது. ஒரே கடற்கரை. சட்டப்படி பார்த்தால் சென்னைக் கோட்டைக்குள் இல்லாத தேதி, தெற்கே புதுச்சேரியில் இருந்தது. கோட்டைக்கு வெளியே மயிலாப்பூரில் ஆங்கீரச வருஷத்து ஆவணி தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அதிலிருந்து யாரும் ஒரு நாளையும் எடுக்கவில்லை. இதை ஒரு தாளின் பின்பக்கம் எழுத இடம் போதாமல் ஓரத்திலும் சுற்றி எழுதியிருக்கிறார்.

முதலாளிக்குப் பிடித்தமானவர் விவேகானந்தர். சில ஆண்டுகள் பாரதிக்குப் பதில் அவர் வந்தார். 1893 செப்டம்பர் 11, திங்கட்கிழமை, சிகாகோவில் உலக சமயப் பேரவை தொடங்கிய அன்று பிற்பகல் அமர்வில் அவர் பேசினார். 'சிகாகோ சொற்பொழிவு நிகழ்ந்த நாள்' என்று போட்டால் வரி நிரம்பிவிடும். ஆனால் அந்தத் துறவியைக் கப்பலேற்றியவர்கள் யார்? திருவல்லிக்கேணியில் வாழ்ந்த பள்ளி ஆசிரியர் அளசிங்கப் பெருமாளும் அவருடைய நண்பர்களும் சென்னையில் வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்தார்கள். ராமநாதபுரம் சேதுபதி பாஸ்கரர், போகச் சொல்லி ஊக்கம் கொடுத்தவர்களில் ஒருவர். 1897 ஜனவரியில் திரும்பி வந்த விவேகானந்தர் இந்திய மண்ணில் முதலில் கால் வைத்தது பாம்பன் பக்கம் குந்துகாலில். மெய்ப்புப் பார்த்தவரின் சொந்த மாவட்டத்துக் கடற்கரை அது. இதில் எதுவும் இரண்டு வரிக்குள் அடங்காது.

பெரியவர் சொன்ன கணக்கை இங்கேயும் போட்டுப் பார்த்தார். சிகாகோவில் பிற்பகல் என்றால் சென்னையில் நள்ளிரவு தாண்டியிருக்கும். பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பேச்சு நடந்திருக்கிறது. இங்கிலீஷ் தேதிக்கு இங்கே 12. சூரிய உதயக் கணக்குக்கு இன்னும் 11. திருவல்லிக்கேணியோடு பிணைந்த இரண்டு பெயர்கள், 28 ஆண்டு இடைவெளியில், ஒரே மாதிரி நள்ளிரவு தாண்டிய இருட்டுக்குள் வந்து நிற்பது அவரை வெகுநாள் விடாமல் பிடித்திருந்தது.

அவர் மிக அதிகமாகச் சண்டை பிடித்தது 1906க்காக. காந்தி தென்னாப்பிரிக்க சத்தியாகிரகம் பற்றி எழுதிய நூலைப் படித்தபோது அந்தத் தேதி கண்ணில் பட்டது. செப்டம்பர் 11, செவ்வாய்க்கிழமை, ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டர். டிரான்ஸ்வால் அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்திருந்தது. எட்டு வயது தாண்டிய இந்தியர் பதிவு செய்துகொள்ள வேண்டும். விரல் ரேகை கொடுக்க வேண்டும். கேட்கும்போதெல்லாம் சீட்டைக் காட்ட வேண்டும். சுமார் 3,000 பேர் கூடினார்கள். சேட் ஹாஜி ஹபீப் எழுந்து, கடவுளைச் சாட்சியாக வைத்து உறுதி எடுப்போம் என்றார். காந்தியே அதை எதிர்பார்க்கவில்லை. உறுதி எடுத்தால் கடைசி மூச்சு வரை நிற்க வேண்டியிருக்கும், மற்றவர் கைவிட்டாலும் தனியாக நிற்க வேண்டியிருக்கும் என்று அவர் எச்சரித்துப் பேசினார். எல்லாரும் எழுந்து நின்று கை உயர்த்தினார்கள். சத்தியாகிரகம் என்ற சொல்கூட அப்போது பிறந்திருக்கவில்லை. செயல் முதலில் வந்தது, பெயர் பின்னால் வந்தது. அந்தத் தியேட்டர் மறுநாளே தீப்பற்றி எரிந்துபோனதாகக் காந்தி எழுதுகிறார்.

அந்த ஊரில் அப்போது எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். தில்லையாடியிலிருந்து பிழைக்கப் போன குடும்பத்தில் பிறந்த வள்ளியம்மை. ஏழு ஆண்டு கழித்து அதே போராட்டத்தில் சிறை போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தாள். 'சத்தியாகிரகம் பிறந்த நாள்' என்று எழுதிக் கொடுத்தபோது முதலாளி நெற்றியைச் சுருக்கினார்: "காந்திக்கு அக்டோபர் 2 இருக்கே, ஜனவரி 30 இருக்கே, மூணாவதும் எதுக்கு?" அந்த முறை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஓர் ஆண்டு, ஒரே ஓர் ஆண்டு, அந்த வரி அச்சேறியது.

மற்றவை வந்து வந்து போயின. வினோபா பிறந்தது 1895இல் இதே நாளில். ஜின்னா கராச்சியில் இறந்தது 1948இல் இதே நாளில். எத்தியோப்பியாவில் பெரும்பாலான ஆண்டுகளில் இது புத்தாண்டு. மழைக்காலம் முடிந்து மேட்டு நிலமெங்கும் மஞ்சள் பூக்கும் சமயம். 1973இல் சிலி நாட்டில் ராணுவம் தன் சொந்தத் தலைநகரத்து அதிபர் மாளிகை மீதே விமானத்திலிருந்து குண்டு போட்டது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சால்வதோர் அயெந்தே அங்கேயே இறந்தார். 17 ஆண்டு சர்வாதிகாரம் தொடங்கியது. அதுவும் செவ்வாய்க்கிழமை. பழைய காலண்டர்களோடு பழகியவருக்கு இது சட்டென்று தெரியும்: 1906, 1973, 2001 மூன்றுக்கும் ஒரே காலண்டரை மாட்டலாம். கிழமைகள் அச்சு மாறாமல் பொருந்தும்.

2001இல் அந்தச் செவ்வாய் மாலை அவர் விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். நியூயார்க்கில் காலை 8.46 என்றால் நமக்கு மாலை 6.16. பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து டி.வி.யைப் போடச் சொன்னபோது இரண்டு கோபுரமும் புகைந்துகொண்டிருந்தன. ஏழரைக்கு ஒன்று சரிந்தது. எட்டு மணிக்குள் மற்றதும். தெருவே அவர் வீட்டுக் கூடத்தில் நின்றது, யாரும் பேசவில்லை. 2,977 பேர். அவர்கள் அன்று காலை வீட்டில் எந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அங்கே கிழிக்கும் காலண்டர் பழக்கம் இருக்கிறதா என்றுகூட யோசிக்கவில்லை.

2002க்கான தாள்கள் அதற்குள் அச்சாகிவிட்டிருந்தன. செப்டம்பர் 11இல் பாரதி இருந்தார். அடுத்த ஆண்டு வேலை தொடங்கும்போது, யாரும் கேட்பதற்கு முன்பே முதலாளி சொல்லிவிட்டார், அமெரிக்கத் தாக்குதலைப் போட வேண்டும் என்று. கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் பையன் '9/11' என்று குறித்திருந்ததைப் பார்த்து, நம் வழக்கப்படி ஒன்பதாம் தேதி, பதினோராம் மாதம் என்று எடுத்துக்கொண்டு, வரியை நவம்பர் 9இல் போட்டுவிட்டான். பெர்லின் சுவர் திறந்த நாள் அது, 1989இல். மெய்ப்பில் அவர் கண்டுபிடித்துத் திருத்தினார். பையனைத் திட்ட மனம் வரவில்லை. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள் என்று அவனுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

திருத்திய தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். கடல் தாண்டி நடந்த துயரம் அடுத்த ஆண்டுக்குள் தாளில் ஏறிவிட்டது; ஏற வேண்டியதுதான், அதில் அவருக்கு மறுப்பில்லை. வைகைக் கரையில் நடந்த துயரம் 44 ஆண்டாக ஏறவில்லை. அது எல்லாத் தெருவிலும் தொங்காது என்ற கணக்கு சரியாகவே இருந்திருக்கலாம். சரியாக இருந்ததுதான் அவரை வருத்தியது. அன்று முதலாளியிடம் இன்னொரு முறை கேட்டார். "இன்னும் காலம் வரலை தாயி" என்றார் அவர், தாளைப் பார்க்காமல்.

காலம் வேறு வழியில் வந்தது. அவர் அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின், 2010 அக்டோபரில், இம்மானுவேல் சேகரன் படம் போட்ட அஞ்சல் தலையை இந்திய அஞ்சல் துறை வெளியிட்டது. அதில் ஒன்றை வாங்கி 1987ஆம் ஆண்டுத் தாளின் பின்பக்கம், மங்கிப்போயிருந்த பென்சில் வரிக்குக் கீழே ஒட்டினார். அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று சிகாகோ கலைக்கூடத்தில், விவேகானந்தர் பேசிய அதே கட்டடத்தில், ஓவியர் ஜிதீஷ் கல்லாட் அந்தப் பேச்சின் சொற்களைப் பெரிய மாடிப்படிகளின் முகப்பில் ஒளியெழுத்தாகப் பதித்திருந்தார். எழுத்துகளுக்கு, தாக்குதலுக்குப் பின் அமெரிக்க அரசு வகுத்த அபாய எச்சரிக்கையின் ஐந்து நிறங்கள். பத்திரிகையில் படம் பார்த்தார். 1893ஐயும் 2001ஐயும் ஒரே படியில் ஏற்றியிருந்தார்கள். இரண்டு வரிக்குள் ஒரு நாளை அடைக்க 20 ஆண்டுக்கு மேல் பாடுபட்டவருக்கு, அந்தப் படிக்கட்டு கண்ணில் நீரை வரவழைத்தது.

மறு ஆண்டு, 2011 செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. கணவர் போனபின் எமனேஸ்வரத்துக்கே திரும்பியிருந்தார். வீட்டில் தறி இல்லை. தம்பி அதை எப்போதோ விற்றுவிட்டான். பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவிடத்தில் அஞ்சலி செலுத்த ஊர் ஊராக மக்கள் வரும் நாள். மதியம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூடு என்றார்கள். கடைகள் அடைபட்டன. அம்மா செய்ததுபோலவே அவரும் கதவைச் சாத்தினார்.

மாலை ஆறே காலுக்கு டி.வி.யில் நியூயார்க். பத்தாம் ஆண்டு நினைவு நிகழ்ச்சி. கோபுரங்கள் நின்ற இடத்தில் இரண்டு பெரிய நீர்த்தடாகங்கள், விளிம்பைச் சுற்றி வெண்கலத்தில் பெயர்கள். இறந்தவர்களின் உறவினர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து, அகர வரிசையில், ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். யாரையும் விடவில்லை. மணிக்கணக்கில் போனது. திரையின் அடியில் ஓடிய செய்தி வரியில் பரமக்குடி வந்து வந்து போயிற்று. அதில் பெயர்கள் இல்லை, எண்ணிக்கை மட்டும் மாறிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த தாளைக் கிழிக்காமல், மெதுவாக உரித்தெடுத்தார். பின்பக்கம் ஸ்கேல் வைத்து நடுவில் ஒரு கோடு போட்டார். ஒரு பக்கம் நியூயார்க் என்று எழுதி, காதில் விழுந்த பெயர்களில் எழுத்துக் கூட்ட முடிந்ததையெல்லாம் தமிழில் எழுதினார். சிறிது நேரத்தில் அந்தப் பக்கம் நிரம்பியது. மறுபக்கம் பரமக்குடி என்று தலைப்பிட்டுக் காலியாக விட்டார். மறுநாள் விடிந்ததும் பேப்பர் வாங்க ஆளில்லாத தெருவில் நடந்துபோய், நாளிதழ் வரும்வரை பஸ் ஸ்டாண்டு ஓரமாகக் காத்திருந்து, வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினார்.